தண்டலின் ஜீப்

வண்டி முழுதாக நிற்பதற்குள் ரோச் குதித்துவிடுவார். குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுப்பார். விரலில் உருட்டுவார், மோந்து பார்ப்பார், பிறகு கண்ணை மூடி நாக்கு நுனியில் வைப்பார். அந்த நேரம் பக்கத்தில் நிற்பவர்கள் பேசக்கூடாது. துப்பிவிட்டுத்தான் ஊரைச் சொல்வார். "ஆறுமுகநேரி தாண்டியாச்சு. உப்பு கொறையுது." பத்தடி தள்ளி மைல்கல் நிற்கும். ஊர்ப் பெயரும் மைல் கணக்கும் அதில் கறுப்பு மையில் எழுதியிருக்கும். அதை அவர் திரும்பியும் பார்க்கமாட்டார். கல்லை எவன் வேண்டுமானாலும் நட்டுவிட்டுப் போகலாம் என்பது அவர் கட்சி.

இது கிறுக்கு இல்லை, தொழில். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே முப்பத்தெட்டு வருஷம் தோணி விட்டவர் அவர். பாய் கட்டிய சரக்குத் தோணியின் தலைவனுக்குத் தண்டல் என்று பெயர். பனிமூட்டத்தில் கரை தெரியாவிட்டால் ஈயக்குண்டின் அடியில் கொழுப்பைத் தடவிக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். குண்டு மேலே வரும்போது கொழுப்பில் கடலடி மண் ஒட்டியிருக்கும். சேறா, சிப்பித் தூளா, பவளப் பொடியா என்று பார்த்துத் தோணி நிற்கும் இடத்தைத் தண்டல் சொல்லவேண்டும். மற்றத் தண்டல்கள் பார்ப்பார்கள். ரோச் ருசிப்பார். வாழ்நாளில் இரண்டே முறைதான் தவறியிருக்கிறது என்பார். இரண்டாவது முறையை மட்டும் விவரிப்பார்.

வயது அறுபத்திரண்டு. குட்டை, அகலம். காலை அகட்டி வைத்து நடப்பார், தெரு எந்த நிமிஷமும் ஒரு பக்கம் சாயலாம் என்பதுபோல. இடுப்பில் கட்டம் போட்ட சாரம், கழுத்தில் மாதா படம் தைத்த, வியர்வையில் கறுத்த உத்தரியம், பெல்ட்டில் சாவி இல்லாத ஒரு சாவிக்கொத்து வளையம். யாராவது வழி கேட்டால் கையை நீட்டமாட்டார். முகத்தைத் திருப்பி எந்தக் கன்னத்தில் காற்று படுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் வழி சொல்வார். காற்று இல்லாத நாளில் வழி கேட்டவர்கள் காத்திருக்கத்தான் வேண்டும்.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம், பட்டாளம் விட்டுவிட்டுப் போன சாமான்களைத் திருச்சியில் ஏலம் போட்டார்கள். கூடாரம் வாங்கப் போனவர்கள் கூடாரம் வாங்கி வந்தார்கள். கயிறு வாங்கப் போன ரோச் ஜீப் வாங்கி வந்தார். கயிறும் வாங்கினார்; அது ஜீப்புக்குள் இருந்தது. தோணியில் தனக்கிருந்த பங்கைக் கொடுத்துவிட்டுத்தான் இதை வாங்கினார் என்பது துறைமுகத்தில் தெரிந்தபோது, கடற்கரையில் ஒரு வாரம் வேறு பேச்சு இல்லை.

அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. தண்டல் சுக்கான் பிடிப்பதில்லை, உத்தரவு கொடுக்கிறவர். சுக்கான் பிடிக்க உடன்குடிச் சங்கரபாண்டியனைப் பேசி அமர்த்தினார். அவன் பர்மா எல்லையில் மூன்று வருஷம் பட்டாள லாரி ஓட்டிவிட்டு வந்து, ஊரில் மாட்டுவண்டிகளுக்கு நடுவே சும்மா இருந்தவன். ஜீப்பைப் பார்த்ததும் கூலியைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டான்.

தகராறு முதல் நாளே ஆரம்பித்தது. ரோச் முன் இருக்கையில் உட்காருவதில்லை. பின்னால் ஏறி நின்று, முன்கண்ணாடியின் சட்டத்தை எட்டிப் பிடித்துக்கொண்டு உத்தரவு போடுவார். உத்தரவு காற்றின் பெயரில் வரும். வாடை என்றால் வடக்கு, சோழகம் தெற்கு, கொண்டல் கிழக்கு, கச்சான் மேற்கு. கடற்கரையில் பால் மறந்த பிள்ளைக்கும் இது தெரியும். பனங்காட்டுச் சங்கரபாண்டியனுக்குத் தெரியாது.

"கச்சானுக்குத் திருப்புலே!"

"சோத்தாங்கையா, பீச்சாங்கையா? அதச் சொல்லும் அண்ணாச்சி."

"வண்டிய திருப்பினா ஒன் சோத்தாங்கையும் கூடத்தாம்லே திரும்பும். கச்சான் திரும்புமா?"

பர்மாவில் எந்தக் கர்னலும் சங்கரபாண்டியனை இப்படி மடக்கியதில்லை. மூன்றாம் நாள் ஓட்டும் சக்கரத்தின் மேல் சுண்ணாம்பால் நான்கு காற்றின் முதல் எழுத்தையும் எழுதி வைத்துக்கொண்டான். சக்கரத்தைத் திருப்பியபோது எழுத்தும் சேர்ந்து சுற்றியது. அதன்பிறகு அதை அழித்துவிட்டுத் தண்டல் முகம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கண்ணாடியில் பார்த்து ஓட்டப் பழகினான்.

வண்டியை மந்திரிக்க மாதா கோயில் சாமியார் வந்தபோது இன்னொரு சிக்கல். புத்தகத்தில் வண்டிக்குத் தனி ஜெபம், படகுக்குத் தனி ஜெபம். ரோச் படகு ஜெபம்தான் வேண்டும் என்றார். "இதுக்கு நாலு சக்கரம் இருக்கே ரோச்" என்றார் சாமியார். "சக்கரத்துக்குச் சக்கர ஜெபத்தச் சொல்லும் சாமி. மேல படகு ஜெபத்தச் சொல்லும்." சாமியார் இரண்டையும் சொன்னார். தீர்த்தம் தெளித்ததில் என்ஜின் நனைந்து அன்று முழுக்க வண்டி கிளம்பவில்லை.

எங்கே போவதற்கு இத்தனையும் என்பது அவர் மகன் பவுலுக்குத் தெரியும். பவுல் துறைமுக என்ஜினீயர் ஆபீசில் படம் வரைகிறவன். அளவுகோலும் கவராயமும்தான் அவன் தொழில். ஒரு நாள் மாலை ஆபீசுக்கே வந்துவிட்டார் ரோச். சுவரில் மாட்டியிருந்த இந்தியா படத்தின் முன் நின்றார். அந்தப் படத்தின் ஓரம் முழுக்க அவருக்கு அத்துப்படி. நாகப்பட்டினம், கொச்சி, ஒரு தடவை பம்பாய் வரை. ஓரத்துக்கு உள்ளே ஒரு விரல் அளவுகூட அவர் போனதில்லை.

"ஏலே பவுலு, இதுல கடலுக்கு ரொம்பத் தூரமான எடம் எது?"

"வடக்க போவப் போவத் தூரந்தாம்பா. மேல இமயமல."

"மல கூடாது. அவளுக்கு மூச்சு வாங்கும்."

பவுலின் அம்மா இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அவன் கவராயத்தை எடுத்தான். கீழ்க்கடலில் ஒரு முனை, மேல்கடலில் ஒரு முனை என்று நகர்த்தி நகர்த்தி, மலை ஏறாமல் இரண்டு கடலும் சம தூரத்தில் இருக்கும் ஓர் இடத்தைக் கண்டுபிடித்தான். ஜபல்பூருக்கு மேற்கே. எந்தப் பக்கம் போனாலும் ஏறக்குறைய நானூற்றைம்பது மைலுக்குக் குறையாமல் உப்புத் தண்ணீர் கிடையாது. பென்சிலால் சின்னக் குறி போட்டான்.

"அங்கன என்ன இருக்கு?"

"ஒண்ணும் தெரியல. பக்கத்துல ரயில் பாதை போவுது."

"ரயிலு எரைச்சலும் கூடாது. தள்ளிப் போடு."

பதினோரு மைல் தள்ளிப் போட்டான். அங்கே ரோடு இல்லை. அதற்குத்தான் ஜீப்.

ரோச்சின் மனைவி பிரகாசியம்மாள் குடியிருந்த வீடு கரையிலிருந்து எண்பது கஜம். அலை இரைந்தால் புருஷன் என்ன ஆனாரோ என்று உறங்கமாட்டாள். அலை ஓய்ந்தால் காற்றில்லாமல் தோணி நடுக்கடலில் நிற்குமே என்று உறங்கமாட்டாள். ரோச் கரையில் இருக்கும் நாளில், சோறு போடும்போது, கோபமா கேலியா என்று தெரியாத குரலில் ஒன்று சொல்வாள். "ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, இந்தக் கடலு எரைச்சல் கேக்காத ஊருல என்னக் கொண்டுபோயி உறங்க வையும். பொறவு நீரு எங்கன வேணும்னாலும் போம்." அவர் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில் சொல்வார். "இந்த நட முடியட்டும்." ஒரு நடை என்பது ஒரு போக்குவரத்து. அது முடிந்ததும் அடுத்த நடை வரும்.

பயணத்துக்கு ஒரு நோட்டு உண்டு. ரோச் சொல்லச் சொல்ல எழுதியது பவுல்தான், ஆகையால் எல்லாம் வரிசை எண்ணோடு இருக்கும். நங்கூரம் ஒன்று, நாற்பது ராத்தல். கயிறு நூறு பாகம், அதாவது இருநூறு கஜம். இரட்டைக் கப்பி இரண்டு. தண்ணீர்ப் பீப்பாய் ஒன்று. ஜீப்புக்கு நங்கூரம் எதற்கு என்று சங்கரபாண்டியன் கேட்டதற்கு, "நிப்பாட்டத்தான்" என்று பதில் வந்தது. பிரேக் இருக்கிறதே என்று அவன் காட்டினான். ரோச் அந்த மிதிகட்டையை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "இத்தனூண்டு கட்டையா?" என்றார். நங்கூரம் நோட்டிலேயே இருந்தது. பதினான்காவது சாமான், தலையணை ஒன்று. ரோச் தலையணை வைத்து உறங்கிப் பவுல் பார்த்ததில்லை. எழுதிக்கொண்டு பதினைந்துக்குப் போனான்.

பெட்ரோல் கணக்கையும் அவனே போட்டான். போக ஆயிரத்து நூறு மைல். காலனுக்குப் பதினெட்டு மைல் வீதம் அறுபத்தொன்று, ரோடில்லாத இடத்துக்குச் சேர்த்து அறுபத்தைந்து. அதற்குக் கீழே 'திரும்ப' என்று எழுதிக் கோடு போட்டபோது ரோச் நோட்டின் மேல் கையை வைத்து மூடிவிட்டார்.

"அத எழுதாத."

"ஏன்?"

"எழுதாதன்னா எழுதாத."

மார்கழியில் வெள்ளோட்டம் வைத்தார்கள். பெரியதாழை வரை போய்வருவது. ரோடுகளில் ரோச்சுக்கு நம்பிக்கை இல்லாததால், முடிந்தவரை ரோடு இல்லாமல் போவது. புன்னைக்காயலில் ஆற்றுமுகத்தை இரண்டு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி அதன்மேல் ஜீப்பை ஏற்றிக் கடக்கலாம் என்று சொல்லிப் பார்த்தார். வள்ளத்துக்காரர்களையும் பேசி வைத்திருந்தார். பவுல் ஜீப்பின் எடையைக் காகிதத்தில் எழுதி வள்ளத்துக்காரர்களிடம் காட்டினான். அவர்கள் அன்றைக்கு வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

திருச்செந்தூர் தாண்டித் தேரிக்குள் இறங்கினார்கள். தேரி என்பது செம்மணல் மேடு. காற்று அடிக்கிற பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும். ரோச்சுக்கு அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "ஏலே, இது அலையில்லா! இங்கன நிக்கிற அலை." அலையைக் குறுக்கே வெட்டக்கூடாது, சாய்த்துத்தான் ஏற வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஆச்சரியம், அது சரியாக இருந்தது. மூன்று மேடு ஏறினார்கள். நாலாவதில் வண்டி அச்சுவரை புதைந்தது.

சங்கரபாண்டியன் இறங்கித் தலையில் கை வைத்துக்கொண்டான். ரோச் அவசரப்படவில்லை. நங்கூரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு மணலில் ஐம்பதடி நடந்தார், இடுப்பளவு குழி தோண்டச் சொன்னார், நங்கூரத்தை உள்ளே கிடத்தி மண்ணைத் தள்ளி மிதித்தார். கயிற்றை இரண்டு கப்பிகளிலும் கோத்து ஜீப்பின் மூக்கில் மாட்டினார். பவுல் மனசுக்குள் கணக்குப் போட்டான். நான்கு மடங்கு பலம். மூன்று பேரும் இழுத்தார்கள். இழுக்கும்போது ரோச் ஏலேலோ போட்டார். வெறும் செம்மணல் காட்டில், பனைமரங்கள் கேட்க, தோணி இழுக்கிற அம்பாப் பாட்டு. ஜீப் ஒரு முக்கல் முக்கி மேலே வந்தது.

"பிரேக்குக் கட்டைய வச்சு இப்ப ஏத்தியிருப்பியாலே?" என்றார் ரோச்.

"தெரியாமச் சொல்லிட்டேன் அண்ணாச்சி" என்றான் சங்கரபாண்டியன். நங்கூரத்தை அவனே தோண்டி எடுத்து, துடைத்து, வண்டியில் வைத்தான்.

மேட்டுக்கு அப்பால் ஒரு பனங்கூட்டம். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. காற்றும் நின்றுவிட்டது. ரோச் இறங்கினார், குனிந்தார், மண்ணை நாக்கில் வைத்தார்.

"ஆளு பொழக்கம் இல்லாத எடம்" என்றார் கண்ணைத் திறக்காமல். "ஆனா என்னமோ ஒரு காரம் இருக்கு."

பனைமரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "ஏ அய்யா, அது எங்க ஆட்டுக் கெடைல்லா! அம்பது ஆடு அங்கனதான் படுக்கும்." செல்லக்கனி என்ற அந்தப் பெண் கையில் தொரட்டியோடு வெளியே வந்து, மூன்று பேரையும் ஜீப்பையும் நங்கூரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "பசின்னா கேக்கக்கூடாதா? கஞ்சி இருக்கு."

ரோச் நிதானமாக இரண்டு முறை துப்பினார். "அதாம் சொன்னேன்லா, காரம் இருக்குன்னு." சங்கரபாண்டியன் என்ஜின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டான். அவன் முதுகு குலுங்கிற்று.

பெரியதாழைக்குப் பத்தரை மணிக்குச் சேர்ந்தார்கள். ரோச் கடற்கரையில் இருந்த தன் சாதிசனங்களிடம் தேரியைக் கடந்த கதையைச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் நாலு மேடு ஏழு அலைகள் ஆகிவிட்டன. கருவாட்டுக் குழம்போடு சோறு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். இரண்டு மைல் போனதும் வண்டி இருமியது, குலுங்கியது, நின்றது. சங்கரபாண்டியன் குச்சியை விட்டுத் தொட்டியைப் பார்த்தான். காய்ந்த குச்சி வெளியே வந்தது.

"அண்ணாச்சி, எத்தன காலன் போட்டீரு?"

"நீ சொன்னதுதாம்லே. மூணு."

"அது வாரதுக்கு. போறதுக்கு?"

"போறதுக்குன்னா?"

"வீட்டுக்குப் போறதுக்கு!"

ரோச் அவனை நிஜமான வியப்போடு பார்த்தார். முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் திரும்பி வருவதற்கு என்று எதையும் ஏற்றிக்கொண்டு போனதில்லை. போகிற காற்று இங்கே இருக்கும். வருகிற காற்று அங்கே கிடைக்கும், கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். "கொழும்புக்குப் போவும்போது வார காத்தையும் மூட்ட கட்டிக்கிட்டா போனோம்?" என்றார்.

பதின்மூன்று மைல், திருச்செந்தூர் வரை, ஒரு கருப்பட்டி வண்டியின் பின்னால் ஜீப்பைக் கட்டி இழுத்து வந்தார்கள். ரோச் இறங்கி நடக்க மறுத்துவிட்டார். தோணியை இழுத்து வந்தாலும் தண்டல் தோணியில்தான் இருக்கவேண்டும். முன்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, மாடுகளுக்கு உத்தரவு போட்டுக்கொண்டே வந்தார்.

"ஏலே, காளைய கொண்டலுக்குப் புடி!"

"காளைக்குக் கொண்டல் கிண்டலெல்லாம் தெரியாது அண்ணாச்சி" என்றான் வண்டிக்காரன். "வாலை முறுக்கினா போவும். புல்லக் கண்டா நிக்கும்."

ஊரெல்லாம் சிரித்தது. பவுலும் சிரித்தான், ஆனால் அந்தக் காய்ந்த குச்சி அவன் மனசில் நின்றுவிட்டது. நோட்டின் மேல் மூடிய கை, விற்றுவிட்ட தோணிப் பங்கு, போகிற கணக்கு மட்டும் உள்ள பயணம். அப்பா திரும்பி வருவதாக எண்ணியிருக்கிறாரா இல்லையா என்பது அவனுக்குத் தெரியவில்லை. படம் வரைகிறவனுக்கு ஒரு கோடு எங்கே முடிகிறது என்று தெரிந்தாக வேண்டும். நாலு நாள் இந்த ஒன்றுக்காகவே அவன் உறங்கவில்லை.

பெட்ரோல் அப்போது பங்கீட்டில் இருந்தது. கூப்பன் இல்லாமல் ஒரு சொட்டு கிடையாது. வெளியூர்ப் பயணத்துக்குத் தனி விண்ணப்பம். கூப்பன் ஆபீஸ் குமாஸ்தா காயல்பட்டினத்துச் செய்கு அப்துல் காதிர். கப்பல் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. ரோச்சை உட்காரவைத்துப் படிவத்தைத் தானே நிரப்பத் தொடங்கினார்.

"சேருமிடம்?"

"பேரு கெடையாது" என்றார் ரோச். பவுல் அட்சரேகை, தீர்க்கரேகையைச் சொன்னான். குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தார். பாகையும் கலையுமாக அந்தச் சிறு கட்டத்துக்குள் எழுதி முடித்தார்.

"பயணத்தின் நோக்கம்?"

"உறங்க."

"உறங்குறதுக்கா ஆயிரத்து நூறு மைலு?"

"பின்ன? இங்கன எங்கன உறங்க? கடலு கெடந்து எரையுது."

குமாஸ்தா பவுலைப் பார்த்தார். பவுல் தரையைப் பார்த்தான். குமாஸ்தா 'குடும்ப காரியம்' என்று எழுதினார்.

"திரும்பும் தேதி?"

ரோச் வாயை மூடிக்கொண்டார். குமாஸ்தா இன்னொரு தடவை கேட்டார். ரோச் கூரையைப் பார்த்தார். குமாஸ்தாவுக்குப் புரிந்துவிட்டது. பேனாவை மூடினார்.

"எங்க வாப்பாவும் இப்படித்தான் தம்பி" என்றார் பவுலிடம். "கொழும்புக்குக் கெளம்புனாஹன்னா எப்ப வருவாஹன்னு சொல்ல மாட்டாஹ. உம்மாவும் கேக்க மாட்டாஹ. கடலு கேட்டுக்கிட்டிருக்கும்பாஹ." பிறகு படிவத்தைத் திருப்பி வைத்தார். "ஆனா இந்தக் கட்டம் காலியா இருந்தா இது மேல போவாது. தண்டல் சொல்ல வேணாம். வேற யாரு எழுதினாலும் சரிதான். கீழ அவஹ கையெழுத்து இருந்தாப் போதும்." எழுந்து அடுத்த மேஜைக்குப் போய், அங்கே வேலை இருப்பதுபோல நின்றுகொண்டார்.

பவுல் பேனாவை எடுத்தான். எழுதவில்லை.

"எழுதேம்லே" என்றார் ரோச்.

"நான் என்னத்த எழுத? நீங்க வாரீங்களா இல்லியான்னே எனக்குத் தெரியாது."

"என்ன பேச்சு பேசுத நீ?"

"தோணிப் பங்கையும் குடுத்தாச்சு. போறதுக்கு மட்டும் பெட்ரோலு. திரும்பன்னு எழுதினா நோட்ட மூடுதீங்க. அங்கனயே கெடக்கப் போறீங்களா? அதச் சொல்லிருங்க. நான் அதுக்கும் கணக்குப் போட்டுத் தாரேன்."

"ஏலே, நடைக்குப் போறவன் வார நாளச் சொல்லக்கூடாது. எங்கப்பன் சொன்னதில்ல, அவங்கப்பன் சொன்னதில்ல. ஒங்கம்மா நாப்பது வருசத்துல ஒரு தடவ கேட்டதில்ல."

"கேட்டா."

ரோச் நிமிர்ந்து மகனைப் பார்த்தார்.

"மாசியில. காய்ச்சல் கூடின அன்னைக்கு. அப்பா என்னைக்கு வாராருன்னு கேட்டா. மூணு தடவ கேட்டா." பவுலின் குரல், ஆபீசில் அளவு வாசிப்பதுபோல ஒரே மட்டத்தில் இருந்தது. "கொழும்புக்குத் தந்தி குடுத்தேன். தோணி கெளம்பிட்டுன்னு பதில் வந்திச்சி. எங்க நிக்கிதுன்னு ஆருக்கும் தெரியல. என்னைக்கு வரும்னும் தெரியல. என்னால அவளுக்கு ஒரு நாளச் சொல்ல முடியல. பொய்யா ஒண்ணச் சொல்லவும் தோணல."

அந்த நடையில் காற்று விழுந்து தோணி ஐந்து நாள் நடுக்கடலில் நின்றது. ரோச் கரை இறங்கியபோது அடக்கம் முடிந்து மூன்று நாள்.

அடுத்த மேஜையில் குமாஸ்தா ஒரே காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே சுங்க மணி அடித்தது. ரோச் சாவி இல்லாத வளையத்தை விரலில் மாட்டி இரண்டு சுற்று சுற்றினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு மகனுக்கு நேரே உட்கார்ந்தார்.

"அவ ஒறங்கணும்னு கேட்டா, குடியிருக்கணும்னா கேட்டா?" என்றார். "ஒரு ராத்திரி. அம்புட்டுத்தான். மறுநா வெள்ளென நங்கூரம் எடுத்திர வேண்டியதுதான். கடலு இல்லாத ஊருல நான் இருந்து என்ன செய்ய? மண்ணத் தின்னுக்கிட்டா இருப்பேன்?"

"அப்ப தேதி சொல்லுங்க."

"அதச் சொல்ல மாட்டேன்."

"அப்பா!"

"நீ எழுது. நீதான கணக்குக்காரன். நான் கேக்கல, பாக்கல."

சொல்லிவிட்டு இரண்டு ஆள்காட்டி விரல்களையும் இரண்டு காதுகளிலும் விட்டுக்கொண்டார். கண்ணையும் இறுக மூடிக்கொண்டார். கூப்பனுக்கு வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அறுபத்திரண்டு வயது ஆள், கட்டம் போட்ட சாரத்தில், சர்க்கார் நாற்காலியில், தலைவலிக்காரன்போல உட்கார்ந்திருந்தார்.

பவுல் கணக்குப் போட்டான். பிப்ரவரி மூன்றில் புறப்பாடு. போக பதினோரு நாள், அங்கே ஒரு ராத்திரி, வர பதினோரு நாள். பிப்ரவரி இருபத்தாறு வந்தது. காற்று விழுந்தால் என்று மூன்று நாள் சேர்த்தான். சேர்த்த பிறகுதான் ஜீப்புக்குக் காற்று எதற்கு என்று தோன்றியது. இருந்தாலும் குறைக்கவில்லை. 1947 மார்ச் 1 என்று எழுதினான். அழுத்தி எழுதியதில் மை கனமாக இறங்கி, எழுத்து ஈரமாகப் பளபளத்தது. ஒற்றுத்தாளைத் தேடினான். மேஜையில் இல்லை.

ரோச்சின் இடது கண் மட்டும் மெல்லத் திறந்தது. படிவத்தைப் பார்த்தது. அவர் காதிலிருந்து விரலை எடுக்கவில்லை. அப்படியே, இரண்டு முழங்கைகளும் இரண்டு பக்கம் நீட்டிக்கொண்டிருக்க, மேஜைமேல் குனிந்தார். உதட்டைக் குவித்து, மகன் எழுதிய தேதியின் மேல், மை கலைந்துவிடாமல் மெதுவாக ஊதத் தொடங்கினார்.